பன்னிரண்டாவது பாத்திரம்

‘முதல் வேலை’ என்ற தலைப்பில் தமிழ் இதழ்களில் வெளிவரும் நினைவுக் கட்டுரைகள் மீது நமக்கு ஒரு புகார் உண்டு. புகார் என்று மென்மையாகச் சொல்கிறோம். உள்ளபடி அது கோபம். இக்கட்டுரைகளுக்கு ஓர் அச்சு இருக்கிறது. பதினெட்டு வயதில் எழுத்தாளர் நகரத்தின் நடுவே ஒரு கடையில் வேலைக்குச் சேர்கிறார். அறியாமையால் எதையோ கெடுத்துவிடுகிறார். கண்ணாடிச் சாமானை உடைக்கிறார், துணியைத் தப்பாகக் கிழிக்கிறார், சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார். முதலாளி ஏசுகிறார். சம்பளத்தில் பிடித்தம் விழுகிறது. பின்னொரு நாள் அதே முதலாளி தேநீர் வாங்கித் தருகிறார். கடைசிப் பத்தியில் எழுத்தாளர் அந்தக் கடையைப் பல்கலைக்கழகம் என்கிறார். வாசகருக்குக் கண் கசிகிறது.

கடை பல்கலைக்கழகமா இல்லையா என்ற வழக்குக்குள் நாம் போகவில்லை. நாம் கேட்பது வேறு. அந்தத் தவறு நிகழ்ந்தபோது மணி என்ன? அந்தப் பையன் காலையிலிருந்து எத்தனை மணி நேரம் நின்றிருந்தான்? இக்கட்டுரைகளில் முதலாளியின் வேட்டிக்கரை நிறம் இருக்கும், கல்லாப்பெட்டி மேல் எரியும் ஊதுவத்தியின் மணம் இருக்கும். இந்த இரண்டு கணக்கு மட்டும் இருக்காது. மறதியால் விடுபட்டது என்று நாம் நம்பத் தயாராக இல்லை. விட்டால்தான் கதை அழகாக நிற்கும்; ஆகவே விடுகிறார்கள். இவ்வளவு உறுதியாகச் சொல்ல நம்மிடம் உள்ள ஒரே சான்று, இதே காரியத்தை நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்திருக்கிறோம் என்பதுதான்.

நாம் தாம்பரத்தில் தமிழ் கற்பிக்கிறோம். (‘நாம்’ என்று எழுதுவது வகுப்பறையில் ஒட்டிக்கொண்ட பழக்கம், பொறுத்தருள்க.) முதலாண்டு மாணவர்களுக்கு லகர ளகர வேறுபாட்டைச் சொல்லித்தரும் நாளில் ஒரு கதை சொல்வோம். 1998ஆம் ஆண்டு, ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கோடையில், மாம்பலத்தில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தோம். எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவது தமிழ்நாட்டுக் கடைகளின் மரியாதை. ஒரு நாள் பெயர் வெட்டும் பொறுப்பு நம் கைக்கு வந்தது. கலியாணச் சீருக்காக வாங்கிய பாத்திரங்கள். மணப்பெண் பெயர் கனகவல்லி. சீட்டில் ‘வல்லி’ என்றிருந்ததைக் கண்ட நம் தமிழ்நெஞ்சம் கொதித்தது. வல்லி வடசொல்; கொடியைக் குறிக்கும் தமிழ்ச்சொல் வள்ளியன்றோ! எனவே பாத்திரம் முழுதும் ‘கனகவள்ளி’ என்று வெட்டித் தள்ளினோம். பல்லாவரத்தில் மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தை, எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து மாம்பலத்துப் பாத்திரக்கடையில் நாம் தொடர்ந்தோம். பரிசாகச் சம்பளத்தில் பிடித்தம் கிடைத்தது.

வகுப்பு சிரிக்கும். பல்லாவரம் அடுத்த சில ரயில் நிலையங்களுக்குள் இருப்பதால் இன்னும் நன்றாகச் சிரிக்கும். பணிமூப்பு விழா ஒன்றிலும் இலக்கியக் கூட்டங்கள் சிலவற்றிலும் இதைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறோம்.

சென்ற ஆண்டு இக்கதையைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு மாணவன் சிரிக்கவில்லை. மதியத்துக்கு மேல் தியாகராய நகரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறவன் அவன். சிரிப்பு அடங்கியதும் எழுந்து, “எத்தனாவது பாத்திரத்துல ஐயா தப்பு வந்துச்சு?” என்று கேட்டான். கிண்டல் இல்லை. கணக்குக் கேட்கிறவன் குரல். நாம் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினோம்.

பன்னிரண்டாவது பாத்திரத்தில்.

மொத்தம் 42 பாத்திரங்கள். முதல் 11 பாத்திரங்களில் ‘கனகவல்லி’ என்றே, சீட்டில் உள்ளபடி, பிசகில்லாமல் வெட்டியிருந்தோம். பன்னிரண்டாவதிலிருந்து கை தானாக ளகரத்துக்கு நழுவிவிட்டது. வள்ளி என்பது கைக்குப் பழகிய எழுத்து. கண் சீட்டுக்குப் போவதை நிறுத்திய பிறகு, கை தனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டே போனது. தனித்தமிழ் உணர்ச்சியாக இருந்திருந்தால் முதல் அண்டாவிலேயே அல்லவா பொங்கியிருக்க வேண்டும்? நாம் எதையும் திருத்தவில்லை. திருத்தும் நிலையில் அன்றைக்கு நாம் இல்லை. வடசொல்லும் தென்சொல்லும் பின்னாளில், எம்.ஏ. படித்த காலத்தில், நாமே ஒட்டவைத்த காகிதப்பூ.

நடந்ததை இப்போது சொல்கிறோம்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலைப் பக்கம் வீடு. காலை ஏழே முக்காலுக்குப் புறப்பட்டால்தான் எட்டேகால் வண்டி. கடற்கரை–தாம்பரம் மின்தொடர் அப்போதும் மீட்டர் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. 1931இல் தொடங்கிய அந்தக் குறுகலான வண்டிகளின் காலம் முடிய இன்னும் ஆறாண்டுகள் இருந்தன. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நிறைந்துகொண்டே வரும் பெட்டியில் மாம்பலம் வரை நின்றபடிதான் பயணம். ஒன்பது மணிக்குக் கடை திறக்கும். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும். நடுவே கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு இடையே, அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து சாப்பாடு. மாதச் சம்பளம் 900 ரூபாய். முகூர்த்த மாதங்களில் ஞாயிறும் உண்டு.

வைகாசி மாதம் அது. பெயர் வெட்டும் பெரியவர் ஊருக்குப் போயிருந்தார். உளியும் சிறு சுத்தியலும் கொண்டு புள்ளி புள்ளியாக எழுத்து அமைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். மின்கருவி வந்த பிறகும் அந்தப் பொறுமை அவர் கையில் இருந்தது. எங்கள் தளத்தில் இருந்த ஒரே இருக்கை அவருடைய ஸ்டூல். நம் எழுத்து அழகாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்க, மேற்பார்வையாளர் நம்மை அவர் இடத்தில் நிறுத்தினார். நாம் ஸ்டூலில் உட்காரப் போனபோது அதை இழுத்துக்கொண்டு போய்விட்டார், மேல்தட்டுச் சாமான் எடுக்க. “சின்னப் பையன்தானே, நின்னுக்கிட்டே வெட்டு. உக்காந்தா தூக்கம் வரும்.”

அந்தக் கருவி அதிரும். தோள்வரை அதிரும். எவர்சில்வரின் வளைந்த பரப்பில் குழல்விளக்கின் ஒளி விழுந்து கண்ணில் குத்தும். மாலை ஏழு மணி அளவில் கனகவல்லி வீட்டார் வந்தார்கள். சாமான் பொறுக்கி, விலை பேசி, எடை போட்டு, பெயர் வெட்ட நம் மேசைக்கு வந்தபோது எட்டு மணி. அண்டா, குடம், தவலை, தாம்பாளம் என்று பெரியவற்றை முதலில் முடித்தோம். பிறகு சொம்புகளும் டம்ளர்களும். அவர்களுக்கு காஞ்சிபுரம் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து “ஆச்சா, ஆச்சா” என்றார். அதற்குள் நாம் பதினோரு மணி நேரம் நின்றிருந்தோம். கெண்டைச்சதை கல்லாகியிருந்தது. ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் வைத்து மாற்றி மாற்றி நின்றது நினைவிருக்கிறது. கடைசி முப்பது பாத்திரங்களில் என்ன எழுதினோம் என்பது நினைவில்லை.

கண்டுபிடித்தவர் பெண்ணின் அத்தை. “பொண்ணு பேரையே மாத்திட்டானே, பாவி!” என்று அவர் போட்ட சத்தத்தில் தளமே திரும்பியது. தகப்பனார் பேசவில்லை, முகம் வெளுத்துப்போயிருந்தது. கடன் வாங்கிச் சீர் செய்கிற மனிதர் என்பது அந்த வயதிலேயே நமக்கு விளங்கியது. கனகவல்லியும் வந்திருந்தாள். நம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். “பரவால்லப்பா, வள்ளின்னுகூடக் கூப்பிடுவாங்க” என்றாள். “நீ சும்மா இரு” என்றார்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில். அன்று அந்தத் தளத்தில் பேச உரிமையில்லாதவர்கள் இருவர், ஒருத்தி அவள்.

31 பாத்திரங்களையும் பாலிஷ் பட்டறைக்கு அனுப்பித் தேய்த்து, மறுபடி பெயர் வெட்டி, கலியாணத்துக்கு முந்தின நாள் ஆள் போட்டு அனுப்பினார்கள். அந்தச் செலவு இரண்டு தவணையாக நம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. என்ன தொகை என்று கேட்கும் துணிவு நமக்கு இருக்கவில்லை. ஜூலையில் கல்லூரி திறந்ததும் நின்றுவிட்டோம்.

நம் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. கருவி நம் கையில்தான் இருந்தது. கனகவல்லியின் தகப்பனார் முகம் வெளுக்க நாமும் காரணம். ஆனால் அந்தப் பிழைக்கு மூன்று பேர் சேர்ந்து கையொப்பம் இட்டிருக்கிறார்கள். பன்னிரண்டரை மணி நேர வேலைநாள் ஒன்று, எடுத்துக்கொண்டுபோன ஸ்டூல் ஒன்று, நாம் ஒன்று. பிடித்தம் மட்டும் ஒருவர் சம்பளத்தில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் சொல்லிவந்த வேடிக்கைக் கதை முதல் இருவரையும் விடுதலை செய்துவிட்டு, மூன்றாமவனுக்குத் தமிழ்ப்பற்று என்ற மாலையையும் சூட்டிவிட்டது. கனகவல்லியோ கதையிலிருந்து முழுக்கவே காணாமற்போனாள். ஓர் எழுத்துவேறுபாட்டுக்கு எடுத்துக்காட்டாகி நின்றாள்.

அந்த நாளைப் பற்றிச் சட்டம் என்ன சொல்லியிருந்தது என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் தேடிப் படித்தோம். வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நம் மாநிலத்தில் 1947 முதல் இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். கூடுதல் கூலி கொடுத்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 என்பதைத் தாண்டக் கூடாது. இடைவேளை சேர்த்து எண்ணினாலும் 12 மணி நேரத்துக்குள் வேலைநாள் முடிய வேண்டும். நாலு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இந்தியா விடுதலை பெற்ற ஆண்டின் சட்டம் இது. அதற்கு ஐம்பத்தோராம் ஆண்டில் நாம் பாத்திரம் வெட்டினோம். பிடித்தத்தைப் பற்றியும் நெறி இருந்திருக்கிறது. இழப்புக்காகக் கூலியில் கைவைக்கும் முன் ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், இழப்பின் அளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1936இன் கூலி வழங்கல் சட்டமே எழுதிவைத்தது. நமக்குக் கிடைத்த வாய்ப்பு “ஏண்டா, கண்ணு தெரியலையா?” என்ற ஒரு கேள்வி.

இருக்கை மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. அது வருவதற்கு 2021 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலைக்கிடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரத் தக்க இருக்கை வசதியை ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியருக்கும் தர வேண்டும் என்று 22-ஏ என்ற பிரிவைச் சட்டமன்றம் அப்போது சேர்த்தது. இந்தியாவில் இதற்கு முன் 2018இல் கேரளம் அதைச் செய்திருந்தது. அங்கே அது மேலிருந்து இறங்கிய கருணை அன்று. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்கள், பி. விஜி என்ற தையல்தொழிலாளியின் முன்னெடுப்பில் ‘பெண்கூட்டு’ என்று திரண்டு, முதலில் கழிப்பிடத்துக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது. மூத்திரம் போக இடமில்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே நின்ற பெண்கள் அவர்கள். உலகக் கணக்குப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் கடைப்பெண்கள் 3 பேருக்கு 1 இருக்கை வீதம் போட வேண்டும் என்று 1899இலேயே தனிச்சட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து அவ்வளவையும் ஆண்டவர்கள் ரயிலைக் கொண்டுவந்தார்கள், நாற்காலியைக் கொண்டுவரவில்லை. போன பிறகு நாமும் 74 ஆண்டுகள் அதைப்பற்றி நினைக்கவில்லை.

இனி இலக்கியத்துக்கு வருவோம். நம் கோபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

தமிழ் நாவல் உழைப்பைப் பாடாத நாவல் என்று யாரும் சொல்ல முடியாது. நெசவாளியின் பசியை ரகுநாதன் 1953இலேயே ‘பஞ்சும் பசியும்’ என்று எழுதிவிட்டார். எம்.வி. வெங்கட்ராம் தறிக்கார வீட்டுக்குள் போனார். உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணன் போனார். தோல் பதனிடுவோர் வாழ்வை எழுதிய டி. செல்வராஜுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தோல் தொழில் எங்கள் பகுதிக்குப் புதிதன்று. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே ஒரு குரோம் தோல் தொழிற்சாலைதான். நாகல்கேணிப் பக்கம் அந்தத் தொழில் பிறகும் தொடர்ந்தது. ஆக, சேலையை நெய்தவனுக்கு நாவல் இருக்கிறது, செருப்புக்குத் தோல் பதனிட்டவனுக்கு நாவல் இருக்கிறது. அதே சேலையை நாளொன்றுக்கு நூறு முறை உதறிக் காட்டி நூறு முறை மடித்துவைக்கிற பெண்ணுக்கு, விரல்விட்டு எண்ணும் அளவுக்காவது இருக்கிறதா? செய்கிறவர் உழைப்பாளி, விற்கிறவர் வெறும் ‘சேல்ஸ் பையன்’ என்ற பாகுபாட்டை நம் முற்போக்காளர்களும் சேர்ந்தே காப்பாற்றியிருக்கிறார்கள். உடைந்த சாமானோடு சிரிப்பு மூட்ட வரும் பாத்திரமாகத்தான் கடைப்பையன் நம் கதைகளில் உலவுகிறான்.

பழைய இலக்கியத்திலும் இந்தக் குறை உண்டு என்று சொன்னால் சக தமிழாசிரியர்கள் கோபிப்பார்கள். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் போற்றுகிறது. வாங்கும்போது கூடுதலாகப் பெறாமலும் விற்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் நடப்பவர்களாம். மதுரைக்காஞ்சி பகல் கடைத்தெருவையும் இரவுக் கடைத்தெருவையும் விரித்துரைக்கிறது. இரண்டையும் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அல்லங்காடி என்று வகுப்பில் சொல்லும்போது, இரவு முழுக்க அங்கே நின்றவர் யார் என்று ஒரு மாணவன் கேட்டால் பாட்டில் விடையில்லை. இதற்காகச் சங்கப் புலவரைக் குற்றம் சொல்லமாட்டோம். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அதே இடத்திலிருந்து கடைத்தெருவைப் பார்க்கிறவர்களைத்தான் சொல்கிறோம்.

விதிவிலக்கு திரைப்படத்திலிருந்து வந்தது. வசந்தபாலன் இயக்கி ஜெயமோகன் உரையாடல் எழுதிய ‘அங்காடித் தெரு’ 2010இல் வெளிவந்தபோது, ரங்கநாதன் தெருவுக்குள் ஒரு காமிரா போய் வாடிக்கையாளரின் பக்கமாக நிற்காமல் ஊழியரின் பக்கமாக நின்றது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2008 செப்டம்பரில், அதே தெருவின் பெருங்கடை ஒன்றில் தீப்பிடித்து அங்கே வேலைசெய்த இருவர் இறந்திருந்தனர். செய்தித்தாளில் நாம் அதைப் படித்தோம். தீபாவளிக்குத் துணி எடுக்க அதே தெருவுக்குப் போனோம். படம் வந்தது, அழுதோம். அந்த ஆண்டுத் தீபாவளிக்கும் போனோம். போகக்கூடாது என்று சொல்ல நாம் யார்? விலை அங்கேதான் கட்டுப்படியாகிறது. ஆனால் அந்தப் படம் வெளிவந்து இத்தனை ஆண்டுகளான பின்னும் அது திறந்த கதவின் வழியே நம் உரைநடை பெரிதாக உள்ளே போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம் அல்லவா?

இங்கே இரண்டு நண்பர்கள் குறுக்கிடுவார்கள். இதைப் பேச்சில் சொல்லிப் பார்த்தபோதே குறுக்கிட்டார்கள்.

ஒருவர் சொன்னார்: “இலக்கியம் தொழிற்சங்கத் துண்டறிக்கை ஆகாது. நகைச்சுவைக்கு இடம் வேண்டாமா?” வேண்டும். எச்.ஜி. வெல்ஸைப் படித்துப் பார்க்கட்டும். அவர் 1881 முதல் 1883 வரை சவுத்ஸீ என்ற ஊரில் ஒரு துணிக்கடையில் பயிற்சிப் பையனாக இருந்தவர். நாளுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை, மற்றப் பையன்களோடு கடை விடுதியில் படுக்கை. வெறுத்துப்போய் வெளியேறினார். அந்த அனுபவத்திலிருந்துதான் ‘கிப்ஸ்’ நாவல் 1905இல் வந்தது. வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் நாவல் அது. கிப்ஸ் அசட்டுத்தனங்கள் செய்துகொண்டே இருப்பான்; ஆனால் அவன் கடையில் எத்தனை மணிக்கு எழுந்தான், எப்போது சாப்பிட்டான், யார் அவனை விரட்டினார் என்பதை வெல்ஸ் ஒருபோதும் மறைப்பதில்லை. பாரிஸின் பெருங்கடையைப் பற்றி 1883இல் நாவல் எழுதிய ஸோலா, விற்பனைப் பெண்கள் உறங்கும் மாடியறை வரைக்கும் வாசகரை ஏற்றிச் செல்கிறார். இவற்றில் எது துண்டறிக்கை? நம் கட்டுரைகளில் நகைச்சுவை கூடிப்போய்விட்டது என்று நாம் குறைசொல்லவில்லை. அந்த நகைச்சுவைக்குக் கடிகாரம் இல்லை என்கிறோம்.

இன்னொருவர் வேறுமாதிரி மடக்கினார். “தி.நகர் முதலாளிகளில் பாதிப்பேர் தெற்கிலிருந்து வெறுங்கையோடு வந்து, நின்று நின்று மேலே வந்தவர்கள். நின்றதால்தானே வளர்ந்தார்கள்?” வளர்ந்தார்கள், மறுக்கவில்லை. சிறு கடையிலிருந்து பல மாடி எழுப்பியவர்களின் உழைப்பை ஏளனம் செய்யும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் தம் கடையில் தாமே நிற்பதும் பிறர் கடையில் நிற்பதும் ஒன்றா? தமக்காக நிற்கிறவர் கால் கடுத்தால் கல்லாவில் போய் உட்காரலாம். மேலும், நின்றதால் வளர்ந்தார் என்பது ஒரு கூற்று. நின்றும் வளர்ந்தார் என்பது இன்னொரு கூற்று. இடையிலே ஓர் உம்மை இருக்கிறது. தமிழ் படித்தவர்களாவது அதைக் கவனிக்க வேண்டும். நம்மோடு அந்தக் கோடையில் அதே தளத்தில் நின்றவர்கள் ஒன்பது பேர். நாம் பேராசிரியரானோம் என்பதால் அந்தக் கடை பல்கலைக்கழகம் ஆகிவிடாது. மற்ற எட்டுப் பேரில் ஒருவரை அண்மையில் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் பார்த்தோம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கால்களிலும் நரம்பு சுருட்டிக்கொண்டதாம். இருபத்தைந்து ஆண்டு வெவ்வேறு கடைகளில் நின்றவர். தம் முதல் வேலை பற்றி அவர் கட்டுரை எழுதப்போவதில்லை.

இன்று எங்கள் புறநகர் மாறிவிட்டது. தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது. பாத்திரம் வாங்க மாம்பலத்துக்குப் போக வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. பல மாடிக் கடைகள் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்குமே வந்துவிட்டன. நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் ஏதோவொரு கடையில் நிற்கிறார்கள். மறுநாள் காலை முதல் மணி வகுப்பில் அவர்கள் தூங்கிவழியும்போது, “இளைஞர்களுக்கு இலக்கியத்தில் நாட்டமில்லை” என்று நாம் ஓய்வறையில் வந்து புலம்புகிறோம். நின்றே கழித்த இரவுக்குப் பிறகு உட்கார இடம் கிடைத்தால் உடம்பு வேறென்ன செய்யும்?

தங்கை மகள் கலியாணத்துக்காக இந்தச் சித்திரையில் அப்படியொரு கடைக்குப் போயிருந்தோம். பெயர் வெட்டும் மேசையில் இப்போது கணினியில் அச்சடித்தால் தானாகப் பொறிக்கும் இயந்திரம். லகரமும் ளகரமும் இனிக் கை நழுவாது. அருகே ஒரு ஸ்டூலும் இருந்தது. சட்டம் வேலைசெய்கிறது என்று மகிழ்ந்து கிட்டே போனோம். அதன்மேல் அட்டைப்பெட்டிகள் தலைக்கு மேல் அடுக்கியிருந்தன. இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மற்றக் காலின்மேல் வைத்து நின்றிருந்தாள்.

பெட்டிகளை இறக்கிவைக்கச் சொல்லலாமா என்று நினைத்தோம். சொன்னால் திட்டு யாருக்கு விழும் என்பதும் தெரிந்திருந்தது. மேலாளரைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணைக் காட்டாமல், “உட்கார இடம் இருக்கா உங்க ஸ்டாஃபுக்கு?” என்று பொதுவாகக் கேட்டோம். “எல்லாம் இருக்கு சார், உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லட்டுமா?” என்றார். நல்ல மனிதர். கேள்வி அவர் காதில் விழுந்த விதம் அப்படி.

மறுவாரம் அந்த மாணவனை நூலகத்தில் பார்த்தோம். அவன் கேட்டு ஓராண்டு ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பன்னிரண்டாவது என்று சொன்னோம். முதல் பதினொன்று சரியாக இருந்தது என்றும் சொன்னோம். மறைமலையடிகளை அவன் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வெட்ட ஆரம்பித்தோம் என்று மட்டும் கேட்டான். எட்டு என்றோம். கொஞ்ச நேரம் மனத்துக்குள் கணக்குப் போட்டான்.

“அப்போ பன்னிரண்டாவது வர்றப்போ எட்டரை இருக்கும் ஐயா. எனக்கும் எட்டரைக்குத்தான் பில்லு தப்பும்.”